பேரன்ட் சைல்ட் காவலர்

ஓசூரில் குடியிருந்து, தினமும் அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போய்வரும் மென்பொருளாளர்களில் ஒரு தனி இனம் உண்டு. பேரன்ட் ஆப்ஜெக்டும் சைல்ட் ஆப்ஜெக்டும் ஒத்துப்போகாத நிரலைப் பார்த்துவிட்டால் இந்தக் காவலருக்குச் சோறு இறங்காது.

கவலை நியாயமானதுதான். பேரன்ட் தன் பிள்ளைகளின் பட்டியலை வைத்திருக்கும். பிள்ளையும் தன் பேரன்ட் யாரென்று குறித்துவைத்திருக்கும். ஒரே உறவு இரண்டு இடத்தில் பதிவாவதால், ஒன்றைத் திருத்தி மற்றதை மறந்தால் இரண்டும் வேறுவேறு கதை சொல்லும். புதியவர்களுக்கு இவர் ஓசூரையே உதாரணமாக்குவார். 2004 பிப்ரவரி 9 அன்று தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தபோது ஓசூர் வட்டமும் உடன் வந்தது. நிரலில் அதற்கு வேலை மூன்று: தர்மபுரியின் பட்டியலில் நீக்க வேண்டும், கிருஷ்ணகிரியின் பட்டியலில் சேர்க்க வேண்டும், ஓசூருக்குள் உள்ள மாவட்டக் குறிப்பை மாற்ற வேண்டும். முதலாவதை விட்டவர் கணக்கில் ஓசூர் இரண்டு மாவட்டத்திலும் இருக்கும். மூன்றாவதை விட்டவரின் ஓசூர் இன்றும் தர்மபுரி பேரைத்தான் சொல்லும்.

ஆகவே பட்டியலில் யாரும் நேராகக் கைவைக்கக் கூடாது என்பது இவர் சட்டம். அதை பிரைவேட் ஆக்கிப் பூட்டிவிட்டு, கேட்பவருக்குப் படிக்க மட்டும் ஒரு நகல் தருவார். சேர்க்கவும் மாற்றவும் ஒரே மெத்தட். மூன்று வேலையும் அதற்குள் முடிந்துவிடும். பேரன்ட் பிள்ளையைக் கூப்பிட, பிள்ளை திரும்பப் பேரன்ட்டைக் கூப்பிட என்று சுற்றிக்கொண்டே இராமல், ‘ஏற்கெனவே இவர்தானே பேரன்ட்?’ என்ற சோதனை முதல் வரியிலேயே நிற்கும். “ஹைபர்நேட் பாத்துக்கும் சார்” என்று ஜூனியர் சொன்னால் அன்று டீ பிரேக் கிடையாது. ஹைபர்நேட் என்பது ஆப்ஜெக்டுகளைத் தரவுத்தளத்தில் சேமித்துத்தரும் கருவி. இருபக்க உறவில் ஒரு பக்கத்தை மட்டுமே உரிமைப் பக்கமாக அது மதிக்கும். அதிலிருந்துதான் தரவுத்தளத்தில் எழுதும். நினைவகத்தில் இரு பக்கத்தையும் ஒத்துவைப்பது எழுதியவர் பாடு.

வீட்டுக் கதை வேறு. கல்யாணமாகிப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. ரேஷன் கார்டில் இவர் இன்னும் ஊரில் அப்பாவுக்குக் கீழே. ஆதாரில் ஓசூர், வாக்காளர் பட்டியலில் ஊர், கம்பெனிப் பதிவேட்டில் என்றோ காலி செய்த பெங்களூரு பிஜி. ஊர் ரேஷன் கார்டில் பெயரை நீக்காமல் ஓசூரில் புதுக் கார்டு கிடைக்காது. அரசாங்கம் வைத்திருப்பதும் இவர் சட்டம்தான்.

“இந்தத் தடவ ஊருக்குப் போறப்பவாவது பேரை எடுத்துட்டு வாங்க” என்பார் மனைவி.

“நீக்குறதும் சேக்குறதும் ஒரே டிரான்சாக்‌ஷன்ல நடக்கணும்மா. நடுவுல சர்வர் படுத்துச்சுன்னா நாம ஆர்ஃபன்!”