ஒன்றா, ஐந்நூறா?

கேள்வி: டேட்டிங் ஆப்பில் பழகியவர், தனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்றார். விசாரித்தால் ஒரு குழந்தைக்கு அப்பா! இவரைவிடப் பெரிய புளுகர் உண்டா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: ஒரே ஒரு குழந்தையைத்தானே மறைத்தார்? உங்கள் ஆள் கத்துக்குட்டி!

நெதர்லாந்தில் ஜோனதன் மெய்யர் என்று ஒருவர். விந்து தானம் செய்துவந்தவர். மருத்துவமனைகள் வழியாகவும் கொடுத்தார், இணையத்தில் நேரடியாகப் பேசியும் கொடுத்தார். அப்போது அங்கே ஒரு கொடையாளருக்கு 25 குழந்தைகள்தான் வரம்பாக இருந்தது. எத்தனை ஆயிற்று என்று கேட்ட தாய்மார்களிடம் குறைத்தே சொல்லிவந்தார். 2023 ஏப்ரலில் ஹேக் நீதிமன்றத்துக்கு வழக்கு வந்தபோது கணக்கு குறைந்தது 550! நூறு பெற்ற திருதராஷ்டிரன், இவர் முன்னால் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவன். இனி புதியவர்களுக்குத் தானம் செய்தால் ஒவ்வொரு முறைக்கும் 1 லட்சம் யூரோ அபராதம் என்று தடை போட்டார்கள்.

தாய்மார்களின் கவலை வேறு. இந்தப் பிள்ளைகள் வளர்ந்து டேட்டிங் ஆப்பைத் திறப்பார்களே! மனசுக்குப் பிடித்த பையன் அண்ணனாகவே இருந்துவிட்டால்? ஜாதகப் பொருத்தம் போய் டி.என்.ஏ. பொருத்தமின்மை பார்க்கும் காலம். (நம்மூர்த் தரகர்கள் கவனிக்க.)

உங்கள் விஷயத்துக்கு வருவோம். குழந்தை இருப்பது குற்றமில்லை. மனைவியை இழந்தவரோ, விவாகரத்து ஆனவரோ துணை தேடினால் தப்பும் இல்லை. அந்தக் குழந்தை எந்த வகுப்பு, யார் வளர்க்கிறார்கள், ஃபீஸ் யார் கட்டுகிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். தலையைச் சொறிந்தால் பிளாக் செய்துவிடுங்கள்.