சமநீதி காத்த விதிநூல்

‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டில் பாத்திரங்களின் பலம் சமமாக இல்லை என்பவர்கள் விதிநூலைப் பொறுமையாகப் படிக்காதவர்கள். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பையே பாருங்கள். 17-ஆம் நிலைக்கு வந்த மந்திரவாதி ‘விஷ்’ மந்திரத்தால் நினைத்ததை நடத்திக்கொள்ளலாம். அல்லது வானத்திலிருந்து எரிகற்களைக் கொட்டி ஒரு படையையே சாம்பலாக்கலாம். வாள்வீரனை மட்டும் விட்டுவிட்டார்களா என்ன? 20-ஆம் நிலையை எட்டியதும் அவனுக்கு ஒரே மூச்சில் நான்கு வெட்டு. அதுவரை மூன்றுதான்! அவருக்கு உலகம், இவனுக்குக் கூடுதலாக ஒரு வெட்டு: தராசு முள் அசையவில்லை. அந்தப் பெரிய மந்திரம் நாளுக்கு ஒரு முறைதானே என்று சமாதானம் சொல்வார்கள். நியாயம்தான், உலகைத் தினம் இரண்டு முறை புரட்டிப் போடுவது அநாகரிகம். வீரனோ ஓய்வே இல்லாமல் நாள் முழுக்க வெட்டலாம். (உழைப்பவனுக்கு ஓய்வு எதற்கு?)

சமத்துவம் கேட்டுக் கூச்சலிட்டவர்களுக்கு 2008-லேயே நான்காம் பதிப்பு அதைக் கொடுத்தும் பார்த்தது. வீரன், மந்திரவாதி, பூசாரி என எல்லாருக்கும் ஒரே அச்சில் வார்த்த திறன்கள். “எல்லாரும் ஒரே மாதிரி இருக்கிறார்களே!” என்று ரசிகர்கள் பலர் கொதித்தார்கள், பழைய ஏற்றத்தாழ்வைப் பொத்திப் பாதுகாத்து அடுத்த ஆண்டே வெளிவந்த ‘பாத்ஃபைண்டர்’ விளையாட்டைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டார்கள்.