கம்பி கட்டிய பல்லும் காற்று வாத்தியமும்

கேள்வி: பல்லுக்குக் கம்பி போட்ட பையன் டிரம்பெட் ஊதலாமா, இல்லை ஜால்ராதான் கதியா?

பதில்: ஜால்ராவுக்கு ஏற்கெனவே போட்டி அதிகம், பையன் ஊதட்டும்.

ஆனால், வாத்தியங்களில் டிரம்பெட்தான் முரட்டு ஆசாமி. அதன் சின்ன வாய்க்கிண்ணம் உதட்டைப் பல்லோடு அழுத்தும். கம்பியும் சேர்ந்தால் உதட்டுக்கு மத்தளம் போல் இரண்டு பக்கமும் இடி. டியூபாவின் கிண்ணம் அகலம் என்பதால் அழுத்தம் பரவிவிடும். கிளாரினெட்டில் கீழுதட்டைக் கீழ்ப்பல் மேல் மடிக்க வேண்டும், குத்துவது அங்கேதான். புல்லாங்குழலோ சாது. வாய்க்குள் நுழையாமல் கீழுதட்டோரம் சாய்ந்துகொள்ளும்.

வைத்தியம் எளிது. பல் டாக்டர் தரும் மெழுகை மிளகளவு உருட்டி, உறுத்தும் பிராக்கெட்டை ஈரம் போகத் துடைத்து, அதன்மேல் அப்ப வேண்டும். பத்து நிமிடம் ஊதினால் சற்று ஓய்வு. மேல் ஸ்தாயியை எட்டத்தான் கை வாத்தியத்தை உதட்டில் அழுத்தும். அதனால் கொஞ்ச நாள் நடு ஸ்தாயியே போதும். கம்பியை முறுக்கிய அன்று லீவு.

கம்பியைக் கழற்றியதும் உதடு பழைய இடத்தைத் தேடும், ஸ்வரம் மறுபடி பிசகும். பக்கத்து வீட்டாருக்கு முன்கூட்டியே ஒரு பாக்கெட் பஞ்சு கொடுத்துவிடலாம்.