பசியோடு போகக் கூடாத கடை

யாகிதோரி கடைக்குப் பசியோடு போகக் கூடாது. டோக்கியோவில் மற்ற சாப்பாட்டுக் கடைகளெல்லாம் பசித்தவனுக்காகத் திறந்து வைத்தவை. ராமென் கடையில் உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் கிண்ணம் வந்துவிடும். மாட்டிறைச்சிச் சோறு போடும் கடையில் மூச்சுகூட விட வேண்டாம். யாகிதோரி கடையில் மட்டும் முப்பது நாற்பது கிராம் கோழி, ஒரு மூங்கில் குச்சியில், தணலுக்குப் பின்னால் நிற்பவர் மனம் வைக்கும்போது வரும். இரண்டாவது குச்சி வருவதற்குள் முதல் குச்சி செரித்துவிடும்.

இதையெல்லாம் என் தாய்மாமாவிடம் முன்பே சொல்லி வைத்தேன். அவர் விருதுநகரில் வெகுகாலம் மெஸ் நடத்தியவர். இலை போட்டுத் தண்ணீர் தெளிப்பதற்குள் சோறு விழாவிட்டால் அந்தக் கடையையே பூட்டிவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. டோக்கியோ பார்க்க வந்தவர், "குச்சியில கோழி சுட்டுத் தாரானா? பாத்துருவோம்" என்று மதியச் சாப்பாட்டையும் ஒதுக்கிவிட்டுக் கிளம்பினார்.

டோக்கியோவின் யூராக்குச்சோவில் 1910இல் ரயில் ஓடத் தொடங்கிய செங்கல் வளைவுகள் இருக்கின்றன. மேலே ரயில், அடியில் கடைகள். அதில் ஒரு கடையில், தணலுக்கு நேர் எதிரே இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் சூடான ஈரத்துண்டு வந்தது. மற்றவர்கள் கை துடைத்தார்கள். மாமா முகம், கழுத்து, பிடரி என்று முடித்துவிட்டு "குளிச்ச மாதிரி இருக்கு" என்றார். அடுத்து ஒரு சின்னக் கிண்ணத்தில் வேகவைத்த பூசணி இரண்டு துண்டு வந்தது.

"பாத்தியா மாப்ளே, கேக்காமலே வெக்கிறான். மனுசன்!"

"மாமா, இதுக்குப் பேரு ஓதோஷி. காசு உண்டு. நானூறு யென்."

பூசணி பாதித் தொண்டையில் நின்றது. "வேணாம்னா?"

"யாரும் வேணாம்னு சொல்றதில்ல. உக்காந்ததுக்கு வாங்குற காசு அது."

மாமா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இத்தன வருசமா ஊறுகாயச் சும்மா வெச்சிருக்கேனே மாப்ளே" என்றார். குரலில் கோபம் இல்லை. நஷ்டக்கணக்கு இருந்தது.

பட்டியலைப் படித்துக் காட்டினேன். தொடை, தொடையோடு தடித்த வெங்காயத்தாள், கழுத்து, தோல், ஈரல், இதயம், இரைப்பை, குருத்தெலும்பு, கொத்திய உருண்டை, வால். குழம்பில் கோழி கோழியாகத்தான் இருக்கும். எந்தத் துண்டு எதுவென்று கேட்பவர் பந்தியில் கெட்ட பெயர் வாங்குவார். இங்கே ஒவ்வோர் உறுப்புக்கும் தனி விலை, தனிச் சூடு. போன்ஜிரி என்கிற வால் பகுதி ஒரு குச்சி வந்தது. நான்கு துண்டு. மாமா சாப்பிடாமல் எண்ணினார்.

"கோழிக்கு வாலு ஒண்ணுதான?"

"ஆமா மாமா."

"அப்ப இந்த ஒரு குச்சிக்கு நாலு கோழி. மிச்சமெல்லாம் எங்க?"

"அக்கம்பக்கத்து மேசைல."

அப்போதுதான் அவருக்குக் கடை பிடிபட்டது. சீக்கிரம் வருகிறவனுக்குத்தான் வாலும் இதயமும். தாமதமாக வந்தவன் தொடையைத் தின்று திருப்திப்பட வேண்டும். "இறகை மட்டும் ஏன் விட்டு வெச்சிருக்காங்க?" என்று கேட்டார்.

சுவை இரண்டுதான். ஒன்று உப்பு. மற்றது தாரே: சோயா, மிரின், சாகே, சர்க்கரை கலந்து காய்ச்சிய சாறு. சுட்ட குச்சியை அந்தச் சாடியில் முக்கி மறுபடி தணலில் காட்டுவார்கள். ஒவ்வொரு முக்கலிலும் கோழிக் கொழுப்பு கொஞ்சம் சாடியில் இறங்கும். பல கடைகளில் சாடியைக் காலி செய்வதே கிடையாது. குறையக் குறைய ஊற்றிக்கொண்டே போவார்கள். பழைய சாடி என்றால் கடைக்கே மதிப்பு என்று விளக்கினேன்.

"எங்கூர்ல குழம்புச் சட்டியக் கழுவலன்னு எனக்கு நோட்டீஸ் குடுத்தாங்க" என்றார் மாமா.

அடுத்த குச்சிக்கு இன்னும் நேரம் இருந்தது. கரியைப் பற்றிச் சொன்னேன். வாகாயாமா மாவட்டத்தின் கிஷூ பின்சோதான். உபாமே என்னும் ஓக் மரத்தில் சுட்டது. நின்று எரியும், தானாகப் புகையாது. கண்ணைக் கரிக்கும் புகையெல்லாம் தணலில் சொட்டும் கொழுப்பு. எங்கள் பேச்சு புரிந்ததோ என்னவோ, தணல்காரர் இரண்டு கரித்துண்டுகளை எடுத்துத் தட்டிக் காட்டினார். ணங்கென்று உலோகச் சத்தம் கேட்டது. மாமா பதறிப்போய், "கரியில கல்லக் கலந்து வித்துருக்கான். பாத்து வாங்கச் சொல்லு" என்றார்.

குச்சி வரவில்லை. வரலாற்றுக்குப் போனேன். 675ஆம் ஆண்டில் தென்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஐந்தையும் உண்ணக் கூடாது என்று தடை போட்டார். தடை அந்நாள் நாட்காட்டியின் நான்காம் மாதம் தொடங்கி ஒன்பதாம் மாதம் வரை.

"மத்த மாசம்?"

"தடையில்ல."

"நம்ம புரட்டாசி மாதிரின்னு சொல்லு."

1960களில் பிராய்லர் பெருகிய பிறகுதான் கோழி மாதச் சம்பளக்காரர் கைக்கு எட்டியது. ஹொக்கைடோவின் முரோரான் நகரில் இன்றும் யாகிதோரி கேட்டால் பன்றியும் வெங்காயமும் கடுகு விழுதோடு வரும் என்றேன். "போர்டுல ஒண்ணு, இலையில ஒண்ணா? அதான் எங்க எதிர்த்த மெஸ்ஸு" என்றார் மாமா.

ஒருவழியாகத் தொடை வந்தது. மாமா பாசத்தோடு துண்டுகளை உருவி என் தட்டில் போடப் போனார். தடுத்தேன். உருவினால் சாறு போய்விடும்; முதல் துண்டில் உப்பு தூக்கலாக இருக்கும்; குச்சியோடு கடித்தால்தான் அந்தக் கணக்கு சரியாக வரும். தயவுசெய்து உருவாதீர்கள் என்று வாடிக்கையாளரைக் கெஞ்சிய கடைக்காரர்களும் உண்டு. குச்சி குத்தப் பழக மூன்று வருடம், சுடப் பழக ஆயுசு என்பது இந்தத் தொழிலில் சொல்வழக்கு.

"மூணு வருசத்துல எங்கிட்ட இருந்த மாஸ்டரு எதிர்த்தாப்புல கடையே போட்டுட்டான்" என்றார். எதிர்த்த மெஸ்ஸின் கதை அப்போதுதான் விளங்கியது.

மாமா கடையைச் சுற்றிப் பார்த்தார். எல்லா மேசையிலும் குச்சிக்காகக் காத்திருந்தார்கள். காத்திருந்தவர்கள் எல்லோர் கையிலும் பீர். பக்கத்து மேசையில் இரண்டு குச்சிக்குள் நான்கு கோப்பை காலியாகியிருந்தது.

"மாப்ளே, இவன் கோழி விக்கல. தாமதத்த விக்கிறான். கோழி சும்மா சாக்கு" என்றார். எத்தனையோ மாலைகள் இந்த மாதிரிக் கடைகளில் உட்கார்ந்தும் எனக்கு ஓடாத கணக்கு அது. பரிமாறத் தாமதமானால் என் ஊரில் கத்துவார்கள். இங்கே இன்னொரு கோப்பை சொல்கிறார்கள்.

கடைசியாகக் கோழி எலும்பு சூப்பும், தணலில் வாட்டிய சோற்று உருண்டையும் வந்தன. சோற்றைக் கண்டதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இப்பத்தான் ஆரம்பிக்கிறானா?" முடிந்துவிட்டது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, பில்லே வந்து சொல்லிவிட்டது.

ஊருக்குப் போனதும் மாமா, இப்போது மெஸ் நடத்தும் மகனிடம் ஓதோஷித் திட்டத்தை விளக்கியிருக்கிறார். கேட்காமலே ஒரு கிண்ணம் சுண்டல், பில்லில் பத்து ரூபாய். முதல் நாளே ஒருவர் தெருவைக் கூட்டிவிட்டார். இப்போது சுண்டலுக்குக் காசு வாங்குவதில்லை. சாப்பாட்டு விலையைப் பதினைந்து ரூபாய் ஏற்றியாயிற்று. விலையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையாம். "கேக்காமலே வெக்கிறாங்க, மனுசங்க!" என்று வருகிறவர்களெல்லாம் பாராட்டிவிட்டுப் போகிறார்களாம்.