ஊதாரி எஞ்சினும் கஞ்ச மோட்டாரும்

ஒஸ்லோவிலிருந்து டிரொம்சோவுக்கு 1,600 கிலோமீட்டருக்கு மேல். ஜனவரியில் மின்காரில் கிளம்பும் நார்வேக்காரரின் கண் சாலையில் பாதி, பேட்டரி சதவீதத்தில் பாதி. பெட்ரோல் எஞ்சின் எரிபொருளில் பெரும்பகுதியை வெப்பமாக வீணடிக்கும். அந்த ஊதாரித்தனத்தில்தான் இத்தனை காலம் குளிர்காய்ந்தோம். மின்மோட்டார் மகா கஞ்சன். ஹீட்டருக்கும் பேட்டரியே படியளக்க வேண்டும். ஆக, கால் சூடா, அடுத்த சார்ஜரா என்று காருக்குள் குடும்ப வாக்கெடுப்பு. தட்டுத்தடுமாறிப் போய்ச் சேர்ந்தாலும், விறைத்த பேட்டரி மின்சாரத்தைச் சொட்டுச்சொட்டாகத்தான் வாங்கும். முன்கூட்டியே அதைச் சூடாக்கலாம். செலவு அதன் கணக்கிலேயே.

2024 ஜனவரிக் குளிரில் சிகாகோவில் சார்ஜர் வாசலிலேயே மின்கார்கள் மூர்ச்சையானதை உலகம் வேடிக்கை பார்த்தது. அதே ஆண்டு நார்வேயில் விற்ற புதுக் கார்களில் ஏறக்குறைய பத்துக்கு ஒன்பது மின்கார். சார்ஜ் ஏறும்வரை நார்வேக்காரர்கள் சாசேஜ் தின்கிறார்கள்.