பட்டாளத்து யானை

கே: மெட்ராஸ் ரெஜிமென்ட் தொப்பியில் இருக்கும் யானை முதுமலையில் பிடித்ததா?
— ஒரு வாசகர், குன்னூர்

ப: ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் உங்கள் பக்கத்து ஊரான வெலிங்டனில் இருப்பதால் வந்த சந்தேகம். யானையின் பூர்வீகம் மராட்டிய நாடு. 1803 செப்டம்பர் 23 அன்று, இன்றைய ஜால்னா மாவட்டத்து அஸ்ஸாயேயில், சிந்தியா, போன்ஸ்லே படைகளை ஆர்தர் வெல்லெஸ்லி தோற்கடித்தார். கூட நின்று சண்டை போட்ட சென்னை மாகாணப் பட்டாளங்களுக்குக் கிழக்கிந்திய கம்பெனி தந்த பரிசுதான் அந்த யானைச் சின்னம். தீனி போட வேண்டாத யானை. கம்பெனிக்காரன் கணக்கில் கெட்டி! அன்று களத்தில் இருந்த ஸ்காட்லாந்துப் பட்டாளங்களுக்கும் ஆளுக்கொரு யானை கிடைத்தது. வெல்லெஸ்லிதான் பிற்பாடு வெலிங்டன் பிரபு. பக்கத்து ஊரின் பெயர் அவருடையது.

கே: மராட்டியரை அடித்து வாங்கிய யானையை இன்னுமா வைத்திருப்பது?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

ப: மராட்டிய மன்னர் சரபோஜியின் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். நம் ராணுவமும் இதை யோசித்திருக்கிறது. வெள்ளைக்காரனுக்காக நம்மை நாமே அடித்துக்கொண்ட போர்களைக் கொண்டாடுவதில்லை என்று ஒதுக்கிவைத்த பட்டியலில் அஸ்ஸாயேயும் உண்டு. யானை மட்டும் கேடயத்துக்கும் குறுக்கு வாள்களுக்கும் மேலே அசையாமல் நிற்கிறது. கேட்டால் துணிவு, பொறுமை, வலிமை என்கிறார்கள். சம்பந்திகள் முறைத்துக்கொண்டாலும் சீராக வந்த பித்தளை அண்டாவை யார் திருப்பித் தருகிறார்கள்?

கே: குமாவோன் ரெஜிமென்ட் சிங்கத்தின் கையில் சிலுவை எதற்கு?
— ஒரு வாசகர், நாகர்கோவில்

ப: அது ரஸ்ஸல் குடும்பத்துச் சிங்கம். ஹைதராபாத்தில் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த ஹென்றி ரஸ்ஸல் அமைத்த படையிலிருந்து வளர்ந்தது இந்த ரெஜிமென்ட். அவர் வீட்டு முத்திரை இப்போது ரெஜிமென்ட்டின் மையம் உள்ள ராணிகேத் மலையில் குடியிருக்கிறது.

கே: முதுகுக்குப் பின்னால் நடப்பதையும் கவனிக்கிற தொப்பி உண்டா? மேனேஜருக்கு வாங்கித்தர வேண்டும்.
— ஒரு வாசகர், திருப்பூர்

ப: உண்டு. இங்கிலாந்தில் 1994 வரை இருந்த குளோஸ்டர்ஷயர் ரெஜிமென்ட்டில் தொப்பியின் பின்பக்கமும் ஒரு குட்டி பேட்ஜ் இருந்தது. 1801-ல் எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவில் பிரெஞ்சுக்காரர்கள் முன்னும் பின்னும் பாய, பின்வரிசை அப்படியே திரும்பி நின்று சுட்டது. அதற்கான மரியாதை அது. உங்கள் மேனேஜர் எந்தச் சண்டையில் திரும்பி நின்றார்?

கே: பட்டாளத்துத் தாத்தாவின் பேட்ஜில் யானைக்குக் கண்ணே இல்லை. போலியோ?
— ஒரு பேத்தி, பாளையங்கோட்டை

ப: பிராஸோ பாலிஷ் போட்டு வருஷக்கணக்கில் தேய்த்தால் முதலில் போவது கண், அடுத்தது காது மடிப்பு. கடைசியில் கொழுக்கட்டைக்குக் கால் முளைத்த மாதிரி ஆகிவிடும். தாத்தா பரேடுக்கு ஒழுங்காகப் போயிருக்கிறார். நீங்கள் தேய்க்காதீர்கள், தும்பிக்கையாவது மிஞ்சட்டும்.