ஜிகினாப் பேயும் சி ஷிப்டும்

எட்வர்ட் கல்லன் என்கிற பையனுக்கு வயது 107. பார்த்தால் 17 சொல்லலாம். 1901-ல் பிறந்தவன். 1918-ல் சிகாகோவில் ஸ்பானிஷ் காய்ச்சல் கண்டு சாகக் கிடந்தபோது ஒரு டாக்டர் அவனைக் கடித்துக் காப்பாற்றிவிட்டார். அன்றிலிருந்து அவனுக்குச் சாவும் இல்லை, நரையும் இல்லை. அதே காய்ச்சல் இந்தியாவில் ஒரு கோடிப் பேருக்கு மேல் வாரிக்கொண்டு போனது. நம் ஆட்களைக் கடிக்க எந்த டாக்டரும் வரவில்லை.

2008-ல் வந்த ‘ட்வைலைட்’ என்கிற ரத்தக் காட்டேரிப் படத்தின் நாயகன் இவன். ஸ்டெஃபனி மேயரின் நாவல், 2005-ல் வந்தது. அதையும் அதன் தொடர்ச்சிகளையும் வைத்து 2012-க்குள் ஐந்து படம் எடுத்து, ஊர் உலகத்துப் பெண்பிள்ளைகளையெல்லாம் தலையணை நனைய அழவைத்துவிட்டார்கள். கோடை விடுமுறைக்கு ஸ்ரீபெரும்புதூர் வந்த என் பேத்தி, ஐந்தையும் தாத்தா பாட்டிக்குப் போட்டுக் காட்டாமல் போவதில்லை என்று உட்கார்ந்துவிட்டாள். இங்கிலீஷ் வசனத்துக்கு அவளே உடனுக்குடன் தமிழ். என் மனைவி முறத்தோடு வந்து உட்கார்ந்தாள். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு பார்த்தால்தான் அவளுக்குப் படம் புரியும்.

நான் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி பிரிவில் இருந்து 58 வயதில் ஓய்வு பெற்றவன். அதனால் முதல் சந்தேகமே எனக்கு வயதில்தான் வந்தது. 107 வயதுக்காரன் என்ன செய்வான்? திண்ணையில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களை விசாரிப்பான். இவன் ஹைஸ்கூலுக்குப் போகிறான். ஒரு தடவை அல்ல. ஊர் மாறி ஊர் மாறிச் சேர்ந்து பாஸ் பண்ணிக்கொண்டே இருக்கிறான். வாங்கின பட்டமளிப்புத் தொப்பிகளையெல்லாம் சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையை ஒரே தரம் எழுதியதற்கே எனக்கு இன்னும் கனவில் கணக்குப் பேப்பர் வருகிறது. சாகாவரத்தை வாங்கிக்கொண்டு போய் அல்ஜீப்ராவில் கொட்டுகிற ஆளை எந்தப் புராணத்திலும் நான் பார்த்ததில்லை.

டி.சி. கேட்கமாட்டார்களா? எனக்குத் தெரிந்த உலகத்தில், உயிரோடு இருக்கிறவனே அதை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. பி.எஃப். பென்ஷன் வாங்குகிறவர்கள் வருடா வருடம் ஆயுள் சான்று கொடுக்க வேண்டும். நான் போய் விரலை வைத்தால், காலமெல்லாம் தகட்டு விளிம்பைத் தடவிப் பார்த்துத் தேய்ந்த ரேகை கருவியில் விழாது. மறுபடி வை என்னும். துடைத்துவிட்டு வை என்னும். மூச்சு விடுகிற என்னை இயந்திரம் நம்பவில்லை. செத்து 90 வருடம் ஆனவனை நம்பி அங்கே ஒரு ஹெட்மாஸ்டர் அட்டெண்டன்ஸ் போடுகிறார்.

ரத்த தானத்துக்கும் நம் நாட்டில் 18 முதல் 65 வரைதான் வயது. எட்வர்டின் முகத்தைப் பார்த்தால் ஒரு வயது குறைவு. பிறந்த தேதியைப் பார்த்தால் 42 வயது அதிகம். கொடுக்க எந்த வழியிலும் தகுதியில்லாதவன் எடுக்க மட்டும் வருகிறான்.

“ஐயோ தாத்தா, அவங்க மனுஷ ரத்தம் குடிக்கமாட்டாங்க. மிருக ரத்தம் மட்டும்தான். அவங்க வெஜிட்டேரியன்!” என்றாள் பேத்தி. மான் ரத்தம் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு சைவம் என்று சொல்கிற குடும்பத்தைப் பற்றி, ராமாநுஜர் அவதரித்த ஊரில் உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது.

முதல் படத்தில் ஒரு முக்கியமான கட்டம். பள்ளிக்கூட வாசலில் கார்கள் நிற்கிற இடம். வேன் ஒன்று சறுக்கிக்கொண்டு வந்து நாயகி பெல்லாவை நசுக்கப் போகிறது. எங்கிருந்தோ எட்வர்ட் பாய்ந்து வந்து வெறுங்கையால் வேனைத் தடுத்துவிடுகிறான். பேத்தி கண்ணில் நீர். என் கண்ணில் அந்த வேனின் பக்கவாட்டில் விழுந்த பள்ளம்.

“தாத்தா, அவன் ஒரு உயிரையே காப்பாத்தியிருக்கான். நீங்க டென்ட்டப் பாக்கறீங்க.”

“சரி கண்ணு, அந்தப் பேனலுக்கு யார் பேர்ல டெபிட் நோட் போடுவாங்க?”

பதில் இல்லை. வேன்காரப் பையன் வீட்டில் என்ன சொல்லியிருப்பான், இன்சூரன்ஸ்காரன் கை அடையாளத்தைப் பார்த்து என்ன எழுதியிருப்பான் என்று யோசித்ததில் அடுத்த கால்மணி நேரப் படத்தை நான் சரியாகக் கவனிக்கவில்லை. பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள். ஐந்து படத்தில் பாதி அதுதான்.

என் மனைவி பார்த்த படம் வேறு. அவள் ஆரம்பம் முதல் அதை வரன் பார்க்கிற கண்ணோடு பார்த்தாள். டாக்டர் வீட்டுப் பிள்ளை. சொந்த வீடு. வாசலில் வோல்வோ கார். நாத்தனார் ஒருத்தி வம்புக்காரி, ஒருத்தி பாசக்காரி. அது எந்த வீட்டிலும் உள்ளதுதான். பெல்லாவுக்காக அந்த வீட்டில் சமைக்கிறார்கள். அந்த அடுப்பங்கரையில் அதுதான் முதல் சமையல் என்று தெரிந்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

“அப்ப அந்த வீட்ல யாருமே சாப்பிடமாட்டாங்களா?”

“மாட்டாங்க பாட்டி.”

“மூணு வேளையும் அடுப்பே பத்தவைக்க வேணாமா?”

“வேணாம்.”

“கட்டிக்கச் சொல்லு அந்தப் பொண்ண.”

வீடு முழுக்கக் கண்ணாடி என்பதில் மட்டும் எனக்கு ஆட்சேபம். எங்கள் ஊரில் செயின்ட் கோபெய்ன் கண்ணாடி ஆலை இருக்கிறது. கண்ணாடியின் அருமை தெரியாதவன் அல்ல நான். ஆனால் வெயிலில் தலைகாட்ட முடியாத குடும்பம் சுவருக்குச் சுவர் கண்ணாடி போடுவது என்ன புத்தி? வெயில் பட்டால் இவர்கள் எரிந்து சாம்பலாவதும் இல்லை. உடம்பு வைரமாக மின்னுகிறது, அவ்வளவுதான். காட்டுக்குள் எட்வர்ட் சட்டையைத் திறந்து நின்று மின்னிக்காட்டினான். என் மனைவி காஞ்சிபுரத்து நெசவு வீட்டில் பிறந்தவள். ஒரு பார்வை பார்த்துவிட்டு, “ஜரிகை இல்ல. ஜிகினா” என்று தீர்ப்புச் சொன்னாள்.

அவள் முகம் மாறிய இடம் ஒன்று உண்டு. ராத்திரி பெல்லா தூங்கும்போது இவன் ஜன்னல் வழியாக வந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். கேட்டால் தூக்கமே கிடையாதாம், அதனால் வந்தானாம். பின்னணியில் பியானோ. “அவங்க அப்பா போலீஸ்தானே, கூப்பிடு” என்றாள். அந்தப் போலீஸ்காரர் சார்லி அதே வீட்டில்தான் படுத்திருக்கிறார், பாவம். நாள் முழுக்க ஊர்க்காவல். தன் வீட்டு மாடிக்கு யார் வந்து போகிறான் என்பது தெரியாது. இந்த ஐந்து படத்திலும் என் ஓட்டு சார்லிக்குத்தான். டாக்டரை விட்டால், ஒழுங்காக வேலைக்குப் போய்வருகிற ஒரே மனுஷர் அவர்.

பேய்க் காதல் எங்களுக்கு ஒன்றும் புதிதல்ல. விட்டலாச்சார்யாவின் ‘ஜெகன்மோகினி’ 1978-ல் வந்தது. தெலுங்குப் படம், தமிழ் பேசிக்கொண்டு இங்கே ஓடியது. ஏமாற்றப்பட்டவள் பேயாகி, அடுத்த பிறவியிலும் அவனையே தேடி வந்து குடித்தனம் நடத்துவாள். விறகுக்குப் பதில் தன் காலையே அடுப்பில் வைத்துச் சமைப்பாள். அது பேய்! பார்த்தவன் வீட்டுக்குப் போய் அடுப்பங்கரைப் பக்கமே போகமாட்டான்.

இன்னும் பழசு வேண்டுமென்றால் எங்களுக்கு வடமேற்கே, திருவாலங்காட்டை ஒட்டிய பழையனூருக்குப் போக வேண்டும். நீலி கதை நடந்த ஊர். கணவனால் கொல்லப்பட்டவள் பேயாகத் திரும்பி, கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ‘இவர்தான் என் புருஷன்’ என்று ஊர்ப் பஞ்சாயத்தில் வந்து நிற்கிறாள். அவளை நம்பி, அவன் உயிருக்குத் தாங்கள் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்த 70 வேளாளர்கள், அவன் செத்ததும் தீயில் இறங்கி வாக்கைக் காத்தார்கள் என்பது கதை. ட்வைலைட் கடைசிப் படத்திலும் ஒரு குழந்தை வருகிறது. முதலில் அதற்கு இயந்திரப் பொம்மை ஒன்று செய்திருக்கிறார்கள். படப்பிடிப்பில் அதைப் பார்த்தவர்களே மிரண்டுபோனதால் தூக்கிப்போட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் முகம் செய்துகொண்டார்கள். நீலிக்கு ஒரு கள்ளிக்கொம்பு போதுமாக இருந்தது.

அந்தக் குழந்தை பிறந்த அன்றே, பெல்லாவைக் காதலித்துத் தோற்ற ஓநாய்ப் பையன் ஜேக்கப், ‘இனி என் வாழ்க்கை இவளுக்குத்தான்’ என்று குழந்தை முன் மண்டியிட்டுவிடுகிறான். இதைப் பார்த்து வெளிநாட்டில் பலபேர் முகம் சுளித்தார்களாம். என் மனைவி சுளிக்கவில்லை. தொட்டிலிலேயே இன்னாருக்கு இன்னார் என்று பேசிவைத்த குடும்பம் அவளுடையது. எப்படியோ தப்பித்து எனக்கு வாய்த்தாள். “முறைமாமனா?” என்று மட்டும் கேட்டாள். எனக்குத்தான் வயிற்றைப் பிசைந்தது. நாம் சண்டை போட்டு ஒழித்துக்கொண்டிருக்கிற ஒரு வழக்கத்தை இவர்கள் கிராஃபிக்ஸ் செலவு செய்து திரும்பக் கொண்டுவருகிறார்கள்.

வயது விஷயத்தில் எங்களை அவர்கள் ஜெயிக்கவும் முடியாது. 1917-ல் பிறந்த எம்.ஜி.ஆர். 1973-ல் திரையில் உலகத்தைச் சுற்றி வந்தபோது படத்தின் பெயரே ‘உலகம் சுற்றும் வாலிபன்’. யாரும் கடிக்கவில்லை. விக் ஒன்று, நம்பிக்கை ஒன்று.

ஆனால் பேத்தி கேட்ட கேள்வி நியாயமானது. “ராத்திரியெல்லாம் முழிச்சிருந்து, வெயில்லயே வராம, மூஞ்சி வெளுத்து, ஒரு பொண்ணுக்காகக் காத்துக்கிட்டு... இப்படி ஒருத்தன் இருந்தா எப்படி இருக்கும் தாத்தா?”

மாடிப் போர்ஷனைக் காட்டினேன். எங்களிடம் குடியிருக்கிற பையன்கள். தேனி, கள்ளக்குறிச்சி, ஒடிசா என்று ஊருக்கு ஒருவன். சி ஷிப்டு என்கிற ராத்திரி ஷிப்டு வாரத்தில் ஜன்னல் கண்ணாடிக்குப் பேப்பர் ஒட்டி, அதற்கு மேல் போர்வையைத் தொங்கவிட்டு, கத்திரி வெயிலில் பகல் முழுக்கத் தூங்குவார்கள். சவப்பெட்டி ஒன்றுதான் இல்லை. பொழுது சாய்ந்ததும் எழுந்திருப்பார்கள். ராத்திரி ஒன்பது மணிக்குக் கழுத்தில் ஐடி கார்டு, கையில் டிபன் பை, தெருமுனையில் கம்பெனி பஸ். விடிந்து திரும்பும்போது அந்த முகங்கள் எட்வர்டைவிட வெளுத்திருக்கும். அவனுக்கு மேக்கப், இவர்களுக்கு ட்யூப்லைட். தூக்கமும் சாப்பாடும் களைப்பும் இல்லாத எட்வர்டே நேரில் வந்தாலும் இங்கே கான்ட்ராக்டில்தான் எடுப்பார்கள். நிரந்தரம் கேட்டால், சாகாதவனுக்கு எதற்கு நிரந்தரம் என்பார்கள்.

பெண்கள் விஷயம் இன்னும் விசேஷம். 1948-ம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டம், இரவு 7 மணியிலிருந்து காலை 6 மணிவரை பெண்களை ஆலையில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. டிராகுலாவின் டூட்டி நேரமும் ஏறக்குறைய அதுதான். சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்று சொன்ன பிறகுதான் ராத்திரி அவர்களுக்கும் பொதுவாயிற்று. பக்கத்து வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய தொழிலாளர் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. 18,720 பெண்கள் தங்கலாம். எட்வர்ட் தன் பெல்லாவைத் தேடி அங்கே ஜன்னல் ஜன்னலாக ஏறினால் சாகாவரம் கொஞ்சம் உபயோகப்படும். வார்டனிடம் மாட்டினால் அதுவும் உதவாது.

விடியற்காலை நடைக்குப் போகும்போது ஒரு ஜோடியைப் பார்க்கிறேன். அவன் சி ஷிப்டு முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்குவான். அவள் ஜெனரல் ஷிப்டுக்கு பஸ் ஏற வேண்டியவள். இரண்டு பஸ்ஸுக்கும் நடுவே ஒரு டீ குடிக்கிற நேரம். அவள் தலையில் ஈரம். அவன் கண்ணில் தூக்கம். “கேன்டீன்ல என்ன?” “பொங்கல்.” “சாப்ட்டியா?” “ம்.” அதற்குள் அவள் பஸ் ஆரன் அடித்துவிடும். அடுத்த வாரம் அவன் ஷிப்டு மாறும். அந்த டீயும் கிடையாது. இவனும் எட்வர்ட் மாதிரி, அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்தான். ஆனால் அவள் தூங்குகிற நேரத்தில் இவன் கன்வேயர் முன்னால் நிற்கிறான்.

ஐந்து படத்திலும் இதைவிட நல்ல காதல் கட்டம் எனக்கு அகப்படவில்லை. தமிழ் இயக்குநர்கள் யாராவது ஒரகடம் கூட்டு ரோட்டில் வைத்து இதைப் படமாக்க வேண்டும் என்று இதன் மூலம் கேட்டுக்கொள்கிறேன். பேய் வேண்டாம், ஜிகினா வேண்டாம். பஸ் மட்டும் சரியான நேரத்துக்கு வரட்டும். பெண்ணின் அப்பா வேடத்துக்கு ஆள் கிடைக்காவிட்டால் நான் வருகிறேன், சம்பளம் பிறகு பேசிக்கொள்ளலாம். நைட் ஷூட்டிங்குக்கு மட்டும் கூப்பிடாதீர்கள்.